காந்தத்தைப் பார்த்தால் ஏன் கோபம் வருகிறது?

போன சனிக்கிழமை லண்டனிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டிப் போய் எம்ஜிபி என்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கலாமா என்று பார்த்துவிட்டு வந்தேன். 1972 மாடல் ரோட்ஸ்டர் (கூரையில்லாத வகை), அடர் பச்சை. விளம்பரத்தில் வண்டி வண்டியாகப் படங்கள், எல்லாவற்றிலும் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. 'முழுவதும் புதுப்பித்தது, துரு துளியும் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். வந்து நாலு நாள் ஆகிறது, எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

இந்தக் காரில் தனியாக சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தகட்டாலான உடம்பேதான் அதன் எலும்பு. ரோட்ஸ்டரில் கூரையும் இல்லை. அப்படியானால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது? கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிறதே, அந்த 'சில்'. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் ஒரு விளிம்புச் சட்டம், எல்லாம் சேர்ந்த பெட்டி அது. இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் முன்சக்கரத்துக்குப் பின்னால் சேற்றோடு சேர்ந்து தங்கி, சில்லை உள்ளிருந்து தின்கிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

அதனால் நான் முதலில் பெயின்டைப் பார்ப்பதில்லை, கதவு இடுக்கைத்தான் பார்ப்பேன். இந்த வண்டியில் கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவே கீழே விரல் நுழைகிறது, மேலே அட்டைகூட நுழையாது. உடம்பு நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பி வைத்துத் தாங்காமல் சில்லை வெட்டி மாற்றினால் இப்படித்தான் ஆகும். அப்புறம் அதை நேராக்குவது பெரிய வேலை.

சரி என்று பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன். பிரிட்ஜில் ஒட்டுவோமே, அந்தச் சின்னக் காந்தம். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது. பலமான காந்தம் மெல்லிய பட்டிக்கு மேலேயும் ஒட்டிக்கொள்ளும், இந்தச் சின்னதுதான் உண்மையைச் சொல்லும். பெயின்டில் கீறல் விழக்கூடாது என்று துணியில் சுற்றித்தான் கொண்டுபோயிருந்தேன். அதைப் பார்த்ததுமே விற்பவர் முகம் மாறிவிட்டது. "என்னை நம்பவில்லையா?" என்கிறார். ஐயா, முன்பின் தெரியாத உங்களை நான் எதற்கு நம்ப வேண்டும்? ஆயிரக்கணக்கான பவுண்ட் கேட்கிறீர்கள், ஒரு காந்தம் வைத்துப் பார்ப்பது அவமானமா?

பின்சக்கர வளைவில் வைத்தேன், ஒட்டவில்லை. முன் மட்காட்டின் கீழ்மூலையிலும் ஒட்டவில்லை. ஆரம்பகால எம்ஜிபிகளில் பானட் அலுமினியம், அங்கே ஒட்டாவிட்டால் பரவாயில்லை. ஆனால் சக்கர வளைவை அலுமினியத்தில் யாரும் செய்யவில்லை! விரலால் தட்டினால் தகட்டுச் சத்தமே இல்லை, சுவரைத் தட்டுவதுபோல் இருக்கிறது. கை அகலத்துக்குப் பட்டி.

கீழே குனிந்து பார்த்தால் அதைவிட மோசம். பழைய துருப்பிடித்த சில்லை வெட்டி எடுக்காமலே மேலே புதுத்தகட்டைப் போர்த்தி வெல்டிங் அடித்திருக்கிறார்கள். அதற்கு மேல் புத்தம்புதிய கறுப்புத் தார்ப்பூச்சு, தண்ணீர் வடியும் துளைகளையும் சேர்த்து அடைத்து. நல்ல சில் போட வேண்டுமென்றால் மட்காட்டின் கீழ்ப்பகுதியை வெட்டியாக வேண்டும், ஏனென்றால் சில் அதற்குப் பின்னாலும் ஓடுகிறது. அந்த வேலையைச் செய்யாமல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் மூடிவிட்டு அதற்குப் பெயர் 'புதுப்பித்தது'. சில் பலமில்லாவிட்டால் தூக்கும்போது உடம்பு வளைந்து கதவு இறுகிவிடும். அதனால் ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவு திறக்கிறதா என்று பார்க்கலாமா என்றேன். முடியவே முடியாது என்றுவிட்டார்.

எம்ஓடி, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கும் சோதனை, அதன் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "நாற்பது வயதான காருக்குத் தேவையில்லையே" என்று பதில். ஆமாம், 2018 மே மாதத்திலிருந்து விதி அப்படித்தான். சோதனைக்குப் போக வேண்டாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அரித்துப்போன வண்டியை ரோட்டில் ஓட்டலாம் என்று சொல்லவில்லை. விருப்பப்பட்டால் இப்போதும் கொண்டுபோய்ச் சோதிக்கலாம். அந்தச் சின்னச் செலவைச் செய்ய மனமில்லை, பெயின்டுக்கு மட்டும் கொட்டியிருக்கிறார்கள்.

பக்கத்திலிருந்து ஒரு வண்டி இடித்தால் அந்தக் கதவுக்குக் கீழே என்ன இருக்கிறது? பட்டியும் துருத்தூளும். அதில் தன் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டப் போகிற யாரோ ஒருவர் இந்த நேரம் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாகம் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. சில், மட்காட், தரைத்தகடு எல்லாமே புதிதாகக் கிடைக்கின்றன. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் முழு உடம்பையே புதிதாகச் செய்து விற்கிறது. சரிசெய்யக் காசில்லையா? துருவோடு விற்றுவிடுங்கள்! துரு தெரிகிற வண்டியை நான் சந்தோஷமாக வாங்குவேன். எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கணக்காவது போடலாம்.

கிளம்பும்போது ஐந்நூறு பவுண்ட் குறைத்துத் தருகிறேன் என்றார். அப்படியென்றால் அவருக்கு எல்லாம் தெரியும்.

நேற்று எம்ஜிபி விற்கிற இன்னொருவர் போனில் பேசினார். ஜாக்கி போடலாமா, காந்தம் வைக்கலாமா என்று முதலிலேயே கேட்டேன். "வந்து வண்டியைப் பாருங்கள், உங்களுக்கே பிடித்துவிடும்" என்றார். நான் போகவில்லை.