ஐரிஷ் கதைகளை ஊர்வம்பாகப் படியுங்கள்

ஐரிஷ் புத்தகங்களில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் போதும், பதில்கள் வரிசைகட்டி வந்துவிடும். இலக்கியம் என்றால் ஜாய்ஸ், பெக்கெட். நாட்டார் கதை என்றால் யேட்ஸ் தொகுத்த தேவதைக் கதைகள், அன்னங்களாக மாறிய லிர்ரின் பிள்ளைகள். இரண்டும் வேறு வேறு அலமாரி. முதல் அலமாரியைப் பார்த்து மிரண்டு, இரண்டாவதைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஐரிஷ் நமக்குச் சரிப்படாதுப்பா" என்று முடித்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய.

இந்தப் பிரிவினையே வேண்டாம் என்பது என் கட்சி. அயர்லாந்தில் நாட்டார் கதைக்கும் நாவலுக்கும் ஊற்று ஒன்றுதான்: ஊர்வம்பு. எந்த வீட்டில் என்ன நடந்தது, அவனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அவள் ஏன் அந்தப் பக்கம் போனாள். இதற்குக் காது கொடுக்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

யேட்ஸின் 1888 தொகுப்பை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அழகான புத்தகம்தான். ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே அச்சில் வந்தவற்றிலிருந்து திரட்டியது, கனவு மூட்டமும் கொஞ்சம் ஜாஸ்தி. அவருடைய தோழி லேடி கிரெகரி 1920இல் வெளியிட்ட 'விஷன்ஸ் அண்ட் பிலீஃப்ஸ் இன் த வெஸ்ட் ஆஃப் அயர்லாந்து' வேறு ரகம். கால்வேயில் தன் வீட்டைச் சுற்றியிருந்த ஜனங்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வாக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார். கிளேர் பக்கத்து வைத்தியச்சி பிடி எர்லி 1874இல் செத்துப்போனவள். ஒரு பாட்டிலுக்குள் பார்த்துக் குறி சொல்வாள், பாதிரிமார்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவளைப் பற்றிய பக்கங்களை மட்டும் படித்துப் பாருங்கள். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஒருவர் சொல்வது மற்றவருடையதோடு ஒட்டாது, எல்லாரும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே பேசுகிறார்கள்.

காசு செலவில்லாமல் வேண்டும் என்றால் 'டூகஸ்' இணையதளம் இருக்கிறது. 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தது. வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டு நோட்டில் எழுதி வா, அவ்வளவுதான். அந்த நோட்டுகள் இன்று அப்படியே ஸ்கேன் செய்து கிடக்கின்றன, பிள்ளைகளின் கையெழுத்தோடு. அங்கே தேவதைகள் சிறகு விரித்துப் பறப்பதில்லை. மே முதல் தேதி விடிகாலையில் அண்டைவீட்டுக்காரி நம் புல்வெளிப் பனியைத் துணியால் வழித்துக்கொண்டு போனால், வருஷம் முழுக்க நம் வீட்டு வெண்ணெய் அவள் வீட்டில் திரளும். முயல் உருவில் வந்து மாட்டு மடியில் பால் குடிப்பாள். அந்த முயலைத் துரத்திக் காலில் காயப்படுத்திவிட்டு, ஓடி ஒளிந்த குடிசைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு கிழவி காலில் ரத்தத்தோடு உட்கார்ந்திருப்பாள். ஐரிஷ் நாட்டார் கதைகளில் அடிக்கடி வருவது இது. இதில் மாயம் கால்வாசி, அண்டைவீட்டுச் சந்தேகம் முக்கால்வாசி.

அந்தச் சந்தேகம் எதுவரை போகும் என்று தெரிய, என் பட்டியலில் முதலிடம் ஒரு புனைவில்லாத புத்தகத்துக்கு. ஏஞ்செலா பர்க் எழுதி 1999இல் வந்த 'த பர்னிங் ஆஃப் பிரிட்ஜெட் கிளியரி'. டிப்பரேரியில் பாலிவாட்லி என்ற சிற்றூர், 1895 மார்ச். பிரிட்ஜெட்டுக்கு இருபத்தாறு வயது. தையல் தெரிந்தவள், சொந்தமாகத் தையல் இயந்திரம் உண்டு, கோழி வளர்த்துக் கையில் காசு வைத்திருந்தாள், நன்றாக உடுத்துவாள், பிள்ளை இல்லை. ஊர் வாயில் விழ இத்தனை போதாதா? காய்ச்சலில் படுத்தவளைப் பார்த்து, இவள் என் மனைவி இல்லை, தேவதைகள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் இதைப் போட்டுவிட்டார்கள் என்றான் கணவன் மைக்கேல். சொந்தக்காரர்களே அவளை அமுக்கிப் பிடித்துப் பச்சிலை கலந்த பாலைப் புகட்டினார்கள். "கடவுள் பேரால் சொல், நீ பிரிட்ஜெட்தானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் அவன் விளக்கிலிருந்த எண்ணெயை அவள் மேல் ஊற்றி எரித்தான். பிறகும், தேவதைகள் குடியிருப்பதாக நம்பிய பக்கத்து மண்கோட்டையிலிருந்து நிஜ பிரிட்ஜெட் வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று கத்தியோடு காத்திருந்தான். மனிதக்கொலைக் குற்றத்துக்கு இருபது வருஷக் கடுங்காவல் கிடைத்தது.

பர்க் இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் கடந்துபோவதில்லை. நேராகச் சொல்ல முடியாததைச் சொல்வதற்குத் தேவதைப் பேச்சு எப்படி ஒரு போர்வையாக இருந்தது, அது யார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறார். இதைப் படித்த பிறகு யாராலும் ஐரிஷ் தேவதைகளைப் பிறந்தநாள் கேக்கில் வைக்க முடியாது.

அடுத்தது என் செல்லம். கானமாரா பகுதிக்காரர் மார்ட்டீன் ஓ கைன் ஐரிஷ் மொழியில் எழுதி 1949இல் வந்த 'க்ரே ந கில்லெ'. கதாபாத்திரங்கள் அத்தனை பேரும் பிணங்கள். கல்லறைத் தோட்டத்து மண்ணுக்கடியில் படுத்துக்கொண்டு ஓயாமல் வாயாடுகிறார்கள். வர்ணனை அநேகமாகக் கிடையாது, முழுக்க வசனம்தான். புதிதாக வந்து சேரும் கட்ரீனா ஃபாடீனுக்கு முதல் கவலையே, தன்னை ஒரு பவுண்டு குழியில் புதைத்தார்களா, அதைவிட மலிவான பதினைந்து ஷில்லிங் குழியில் தள்ளிவிட்டார்களா என்பதுதான். மேலே உயிரோடு இருக்கும் தங்கை நெல் மீது அவளுக்கு அப்படியொரு காந்தல். தான் ஆசைப்பட்டவனை அவள் கட்டிக்கொண்டாளே! ஒவ்வொரு புதுப் பிணம் இறங்கும்போதும் விசாரணை ஆரம்பமாகும். எனக்குச் சிலுவை நட்டார்களா? நெல் எப்போது சாவாள்? செத்தும் தீராத பங்காளிச் சண்டையை இவ்வளவு சிரிக்கச் சிரிக்க எழுதிய நாவலை நான் வேறு பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் இது அச்சாக 2015 வரை ஆனது. ஆலன் டிட்லியின் 'த டர்ட்டி டஸ்ட்' வசவுகளில் துணிந்து விளையாடும், அடுத்த வருஷம் வந்த 'கிரேவ்யார்ட் க்ளே' மூலத்தை ஒட்டி நடக்கும். முதல் தடவைக்கு டிட்லிதான். யார் பேசுகிறார்கள் என்று முதல் ஐம்பது பக்கம் புரியாது. விடாதீர்கள், குரலை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்.

இதற்குப் பிறகு ஆன்னா பர்ன்ஸின் 'மில்க்மேன்' எடுத்தால் கஷ்டமே இருக்காது. 2018 புக்கர் பரிசு வாங்கியபோது "படிக்கவே முடியவில்லை" என்று பலர் புலம்பிய நாவல். வடக்கு அயர்லாந்துக் கலவர காலம், பெயர் சொல்லாத நகரம், பெயர் இல்லாத பதினெட்டு வயசுப் பெண். ஆயுதக் குழுக்காரன் ஒருவன் அவளைப் பின்தொடர்கிறான். ஊரோ இருவருக்கும் தொடுப்பு என்று முடிவு கட்டிவிடுகிறது, பெற்ற தாய் உட்பட. சுமார் எண்பது வருஷம் கழித்தும் பிரிட்ஜெட்டின் அதே ஊர்தான். தேவதைகள் மட்டும் இல்லை.

கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' (2021) இதற்கு மறுபுறம். 1985, நியூ ராஸ் ஊர், கரி வியாபாரி ஃபர்லாங். கன்னிமடத்துச் சலவைக்கூடத்தில் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்று ஊருக்கே தெரியும், ஊரே வாயைத் திறக்காது. எதைப் பேசக்கூடாது என்பதிலும் வம்புக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரே மாலையில் படித்துவிடலாம்.

வம்பின் இனிமையான முகம் பார்க்க ஆசையென்றால் ஜான் மெக்கஹெர்னின் கடைசி நாவல், 2002இல் வந்த 'தட் தே மே ஃபேஸ் த ரைசிங் சன்'. ஏரிக்கரையில் சில வீடுகள். சேதி ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்து நிற்கும் ஜேம்ஸி என்ற பக்கத்து வீட்டுக்காரரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃப்ளான் ஓ'பிரையன் பற்றி எழுத ஆரம்பித்தால் பதிவு முடியாது. சைக்கிளிலேயே கிடந்து பாதி சைக்கிளாகிப்போன மனிதர்கள் வேண்டுமென்றால் 'த தேர்ட் போலீஸ்மேன்'.

ஜாய்ஸை விட்டுவிட்டாயே என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: 'யுலிசிஸ்' கட்டாயம் படியுங்கள், ஆனால் முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். நேராகப் பன்னிரண்டாவது அத்தியாயத்துக்குப் போங்கள். ஒரு மதுக்கடை, பெயர் இல்லாத ஒரு கடன் வசூல்காரன் கதை சொல்கிறான், அவன் வாயில் ஒருவரும் தப்புவதில்லை. நாவலின் நாயகன் ப்ளூம் கொஞ்ச நேரம் வெளியே போகிறான். குதிரைப் பந்தயத்தில் ஒன்றுக்கு இருபது கிடைத்திருக்கிறது, பணத்தை வாங்கத்தான் போயிருக்கிறான் என்று ஒருவன் கொளுத்திப் போடுகிறான். ஜெயித்தவன் நமக்கு ஒரு கிளாஸ் வாங்கித் தரவில்லையே என்று கடையே கொதிக்கிறது. ப்ளூம் கிளம்பும்போது பிஸ்கட் டின் அவனை நோக்கிப் பறக்கிறது. அவன் அந்தக் குதிரைமேல் ஒரு பென்னிகூடக் கட்டவில்லை.