அந்த ரசீதை ஏன் காட்டவில்லை?

2021-இல் வெளிவந்த ‘தி பிக் புல்’ என்னும் இந்திப் படத்தைச் சென்ற வாரம்தான் கும்பகோணத்தில் மகள் வீட்டில் பார்த்தேன். பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் கதையை ஹேமந்த் ஷா என்று பெயர் மாற்றி எடுத்திருக்கிறார்கள். பெயரை மாற்றியதில் எனக்குக் குறையில்லை. குற்றம் எப்படி நடந்தது என்பதையே தொலைத்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

மன்னார்குடியிலும் திருவாரூரிலும் வங்கியில் வேலை பார்த்தவன் நான். மேட்டூர் அணை திறந்ததும் குறுவைக்குப் பயிர்க்கடன் கேட்டு வருகிறவரின் அடங்கலில் ஒரு சர்வே எண் பிசகியிருந்தாலும், திருத்தி வாங்கி வரும்படி கிராம நிர்வாக அலுவலரிடம் திருப்பி அனுப்புவோம். மூன்று பவுன் சங்கிலியைக்கூட உரைகல்லில் உரசிப் பார்க்காமல் நகைக்கடன் கொடுத்ததில்லை.

அதே காலத்தில் பம்பாயில், வங்கிகள் தமக்குள் அரசுப் பத்திரங்களை விற்றுச் சில நாட்களில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்களில், பத்திரம் கைமாறாமல் விற்ற பத்திரம் தன்னிடம் இருப்பதாக வங்கி எழுதித் தரும் ‘பி.ஆர்.’ என்ற வங்கி ரசீது மட்டுமே கைமாறியது. வங்கியின் பெயருக்கு எழுதிய காசோலை நடுவில் நின்ற மேத்தா போன்ற தரகரின் கணக்கில் வரவானது. பாங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கி என்ற இரண்டு சிறிய வங்கிகள், பத்திரமே இல்லாமல் ரசீது எழுதிக் கொடுத்தன. அந்தப் பணம் பங்குச் சந்தைக்குள் பாய்ந்ததில், 200 ரூபாய் அளவில் இருந்த ஏ.சி.சி. சிமென்ட் நிறுவனத்தின் பங்கு 9,000 ரூபாயை நெருங்கியது. 1992 ஏப்ரலில் பத்திரிகையாளர் சுசேதா தலால் இதை வெளிக்கொணர்ந்தார். மோசடித் தொகை 4,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு பின்னர் கணக்கிட்டது.

இவ்வளவையும் படம் சில வசனங்களில் அவசரமாகக் கடந்துவிட்டு, காதலுக்கும் பாட்டுக்கும் நாயகனின் சிரிப்புக்கும் நேரத்தை வாரி வழங்குகிறது. அபிஷேக் பச்சனைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு எழுதிக் கொடுத்ததே அவ்வளவுதான். ரசீதில் கையெழுத்திட்ட அதிகாரி எங்கே, அதைச் சரிபார்க்காமல் விட்டவர் எங்கே? அவர்களை ஓரங்கட்டியதால், துணிந்து உயர்ந்த ஓர் எளிய மனிதனைப் பெரிய இடத்தார் வீழ்த்தினார்கள் என்ற எண்ணமே பார்ப்பவர் மனதில் நிற்கிறது.

பார்வையாளருக்குப் புரியாது என்று நினைத்திருந்தால் அது தவறு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சேமநிதிப் பணத்தை 1992 மார்ச்சில் பங்குகளில் போட்டு இழந்தவர். “தம்பி, பேங்குப் பணம் எந்த வழியா அங்க போச்சு?” என்று ஒரு மாலை கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு வங்கிகளையும் ஒரு தரகரையும் கட்டம் போட்டுக் காட்டினேன். அரை மணி நேரத்தில் அவருக்குப் புரிந்தது. “அப்ப அந்த ரசீத யாருமே பாக்கலையா?” என்று கேட்டுவிட்டு, அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.