பண்டிதரின் 24 சுருதிகளும் மூடாத வட்டமும்

தமிழிசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், தமிழிசையில் ஒரு ஸ்தாயிக்குள் (ஒரு ‘ச’ முதல் அடுத்த மேல் ‘ச’ வரை) அடங்கும் சுருதிகள், அதாவது நுண்படிகள், 24 என்று அவர் கணக்கால் நிறுவிவிட்டார் என ஒரு சாராரும், ஆர்மோனியக் கட்டைகளைக் கொண்டு நம் இசையை அளக்கப் பார்த்தார் என மற்றொரு சாராரும் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் ஸ்தாயியை எத்தனை சுருதிகளாக, எப்படிப் பகுப்பது என்று அவர் எடுத்துக்கொண்ட கேள்வி மிகச் சரியானது. கண்ட விடைதான் நம் இசைக்குப் பொருந்தாதது.

சட்ஜத்தின் (ச) அதிர்வெண்ணை 1 என்று கொண்டால் பஞ்சமம் (ப) 3/2. அந்தப் பஞ்சமத்தையே சட்ஜமாக்கி அதற்கொரு பஞ்சமம், அதற்கும் ஒரு பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு ஸ்தாயிகளைக் கடந்து புறப்பட்ட சட்ஜத்துக்கே வந்து சேர வேண்டும். சேர்வதில்லை. 3/2ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 கிடைக்கிறது, ஸ்தாயிதோறும் அதிர்வெண் இரட்டிப்பதால் ஏழு ஸ்தாயிகளுக்கு உரியதோ 128. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பகுத்தால் இந்த மிச்சம் சுமார் 23.5 சென்ட், பழகாத காதையும் உறுத்தக்கூடிய அளவு. மூன்றின் அடுக்கு எதுவும் இரண்டின் அடுக்கோடு சமமாகாது என்பதால் இம்மிச்சத்தை ஒழிக்க வழியே இல்லை, எங்கே வைப்பது என்றுதான் முடிவு செய்யலாம். பித்தாகரஸ் பெயரால் வழங்கும் முறை, பதினொரு பஞ்சமங்களைத் தூய்மையாக வைத்துக்கொண்டு முழுச் சுமையையும் கடைசி ஒன்றின் தலையில் ஏற்றியது. மிங் வம்சத்து இளவரசர் சூ சாய்யூ 1584இல் கணக்கிட்டுக் காட்டிய சமப் பகுப்போ, ஒவ்வொரு பஞ்சமத்திலும் இரண்டு சென்ட் குறைத்து அதைப் பன்னிரண்டுக்கும் பங்கிட்டது.

பண்டிதர் தேர்ந்தது இந்த இரண்டாவது வழியை. சுரங்களை வட்டமாக அடுக்கும் பழந்தமிழ் முறையை வட்டப்பாலை என்று சொல்லிவிட்டால் வட்டம் மூட வேண்டும். மூட வேண்டுமானால் 3/2 இம்மியளவு குறைந்தே ஆக வேண்டும். ஆகவே சங்கீத ரத்னாகரம் எழுதிய சார்ங்கதேவர் வழிவந்த 22 சுருதியை மறுத்து, ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டாகவும், அவற்றைப் பாதியாக்கி 24ஆகவும் பகுத்தார்; 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்கும் இக்கொள்கையைக் கொண்டுசென்றார். (சிலப்பதிகார உரையில் வரும் பழைய வெண்பா ஏழு சுரங்களுக்கும் தரும் மாத்திரை 4, 4, 3, 2, 4, 3, 2, கூட்டினால் அவர் மறுத்த அந்த 22தான் வருகிறது.)

வட்டம் மூட வேண்டிய கட்டாயம், பன்னிரண்டு கட்டைகளும் அசையாமல் இருக்க, அவற்றில் எதுவும் சட்ஜமாகக்கூடிய கருவிக்கே உண்டு. யாழின் ஏழு நரம்புகளுக்குச் சுருதி கூட்ட ஆறு பஞ்சமங்கள் போதும். குரலை, அதாவது முதல் சுரத்தை, இளி, துத்தம் என்னும் மற்றச் சுரங்களின் இடத்துக்குப் பெயர்த்துப் பண் மாற்றினாலும் அந்த 23.5 சென்ட் எட்டிப் பார்க்காது. வட்டப்பாலை பன்னிரண்டு இராசி வீடுகளில் வரையப்பட்டது உண்மை, ஆனால் படத்துக்காக வகுத்த வீட்டின் அகலம் நரம்பின் அளவாகிவிடாது.

மாறாத சட்ஜத்தின்மேல் நடக்கும் இன்றைய கச்சேரிக்கு இச்சமரசம் இன்னும் தேவையற்றது. நன்றாகச் சேர்ந்த தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரம் (‘க’வின் உயர்ந்த வகை) 5/4, அதாவது 386 சென்ட். சமப் பகுப்பில் அது 400. பகுப்பை 24 ஆக்கினாலும் கீழே உள்ள அடுத்த படி 350க்கு இறங்கிவிடுகிறது. பஞ்சமமும் 702ஐ எட்டாமல் அதே 700இல் நிற்கிறது. படிகளை இரட்டித்ததால் இவ்விரு சுரங்களுக்கும் ஒரு பயனும் விளையவில்லை.

இதைக் காட்டி 22 சுருதிக்காரர்கள் மகிழ்வதற்கும் இடமில்லை. தோடி ராகத்தின் காந்தாரம் கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதில், ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) இடையே ஆடிக்கொண்டிருக்க, அதற்கு 6/5 என்றும் 32/27 என்றும் எண் ஒட்டி அட்டவணை போடுகிறார்கள். பண்டிதராவது, தாம் எடுத்துக்கொண்ட அடிப்படையிலிருந்து கணக்கு எங்கே இட்டுச் சென்றதோ அங்கே தயங்காமல் போனார்.