நாலு பக்கமும் மலை, நிற்க நாலடி நிழல் இல்லை

சேலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை கண்ணில் படும். வடக்கே நகரமலையும் சேர்வராயனும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். பதினெட்டு வருஷமாகச் சித்திரை பிறந்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கும்பகோணத்திலிருந்து போய்விடுவேன். மாம்பழம், சாயங்காலம் தட்டுவடை செட், கோட்டை மாரியம்மன், ஒரு நாள் ஏற்காடு. எனக்கு ரொம்பப் பிடித்த ஊர். பிடித்த ஊர் என்பதால்தான் வயிறு எரிகிறது.

போன ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். காலை பத்து மணி. ஏற்காடு பஸ்ஸுக்காக நானும் அம்மாவும் நிற்கிறோம். அம்மாவுக்கு எழுபத்தொன்று. நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை இருக்கிறது. புத்தம் புதுசு. பளபளவென்று எவர்சில்வர் தூண், எவர்சில்வர் குழாயில் இருக்கை, மேலே வளைவாக ஒரு கூரை, கூரைக்கு மேலே யார் நிதியில் கட்டியது என்று ஆள் உயர எழுத்தில் ஒரு போர்டு. பெயர் நிழற்குடை. அதற்குள் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. பத்துப் பதினைந்து பேர் வெளியே நிற்கிறார்கள்.

ஏன் என்று அம்மா உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். புடவையைத் தாண்டிச் சூடு ஏறியிருக்கிறது. நான் கை வைத்துப் பார்த்தேன், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. முந்தானையை நாலாக மடித்துப் போட்டு மறுபடி உட்காரப் பார்த்தார், முடியவில்லை. ஊரே வெந்துபோகிற ஊரில் இரும்புக் குழாயில் இருக்கை செய்யலாம் என்று யாருக்குத் தோன்றியது? அதை வரைந்தவர் ஒரு தடவையாவது அதில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பாரா?

சரி, உட்கார வேண்டாம், உள்ளே நிற்கலாம் என்றால் அதுவும் முடியாது. அந்த ரோடு வடக்கே மலையைப் பார்த்துப் போகிறது. மலைக்குப் போகிற பஸ் நிற்கும் பக்கம் ரோட்டின் மேற்கு ஓரம். அதனால் நிழற்குடையின் வாய் கிழக்கே பார்த்துத் திறந்திருக்கிறது. சித்திரை மாதம் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் இறங்கும். காலை வெயில் முழுசாக உள்ளே வந்து முகத்தில் அடிக்கிறது. கூரை பன்னிரண்டடி உயரத்தில் இருக்கிறது, அகலமோ நாலைந்து அடிதான். நிழல் விழாமல் இல்லை, விழுகிறது. பின்னால், சாக்கடை மேல்! மூடி போடாத சாக்கடைக்கு அருமையான நிழல். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. டவுனுக்குத் திரும்புகிறவர்கள் நிற்கும் அந்த நிழற்குடை மேற்கே பார்த்தது. மதியம் மூணு மணிக்கு வெயில் அங்கே உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. காலையில் போகிறவனுக்கும் இல்லை, சாயங்காலம் வருகிறவனுக்கும் இல்லை. பின்பக்கம் கொஞ்சம் தாழ்வாக ஒரு ஓடு இறக்கி, முன்பக்கம் ஒரு கீற்றுத் தட்டி தொங்கவிட்டால் தீர்ந்துபோகிற விஷயம். கிராமத்தில் திண்ணை கட்டின கொத்தனாருக்குத் தெரிந்த கணக்கு இது. தாழ்வாரம் ஏன் தாழ்ந்திருந்தது? அழகுக்கா?

அங்கே நின்றவர்கள் எங்கே நின்றார்கள் தெரியுமா? மின்கம்பத்தின் நிழலில். ஒரு சாண் அகலம் இருக்குமா அந்த நிழல்? அதில் வரிசையாக ஒருவர் பின்னால் ஒருவராக எட்டுப் பேர். கல்லூரிப் பெண் இரண்டு பேர், கையில் டிபன் பையோடு கொலுசுப் பட்டறைக்குப் போகிற ஒரு அம்மா, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், கைலி கட்டிய பெரியவர் ஒருவர். நிழல் நகர நகர இவர்களும் அரையடி அரையடியாக நகர்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாக நகர்கிறார்கள். தினம் நின்று பழகிய நகர்வு அது. அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பக்கத்தில் பூக்காரம்மா ஒருவர். கூடையில் குண்டுமல்லி. அதன்மேல் ஈரச் சாக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாட்டிலைச் சாய்த்துச் சாக்கை நனைக்கிறார். பூ வாடக்கூடாது. அவர் தலையில் வெறும் முந்தானை, அது காய்ந்து கிடக்கிறது. அவர்தான் அம்மாவைப் பார்த்துக் கூப்பிட்டார்: “பெரியம்மா, இப்பிடி வாங்க, கம்பத்து நெழலுக்கு வந்துருங்க.” என்னைப் பார்த்து, “வயசானவங்கள வெயில்ல நிக்க வெச்சிருக்கீங்களே கண்ணு” என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் ஒதுங்கி அம்மாவுக்கு இடம் கொடுத்தார்கள். ஒதுங்கியவர்கள் வெயிலுக்குப் போனார்கள்.

அப்புறமும் இருபது நிமிஷம் பஸ் வரவில்லை. அம்மா “கண்ணு இருட்டிக்கிட்டு வருதுப்பா” என்று சொல்லி அப்படியே சரிந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் ஓடிவந்து ஈரத் துண்டைப் பிழிந்து பின்கழுத்தில் போட்டார். உப்புப் போட்ட மோர் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஒரு நிமிஷம் எனக்கு உயிரே இல்லை.

உடனே நாலு பேர் கிளம்பி வருவீர்கள் என்று தெரியும். “குடை எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?” எடுத்துக்கொண்டுதான் போனேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, அம்மாவைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். தலைக்கு மேல் குடை பிடிக்கலாம், கீழே தார் ரோட்டிலிருந்து ஏறும் அனலுக்கு எதைப் பிடிப்பது? “கார் வெச்சுட்டுப் போங்க.” நான் வைப்பேன், வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவன். அந்தப் பட்டறை அம்மா தினம் கார் வைப்பாரா? 2021லிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அதனாலேயே கையில் காசில்லாத பெண் தனியார் பஸ் இரண்டு போனாலும் ஏறாமல், இலவச பஸ் வரும்வரை நிற்கிறாள். யாரிடம் காசு இல்லையோ அவள்தான் அதிக நேரம் வெயிலில் நிற்கிறாள். பஸ்ஸைக் கொடுத்தவர்கள் அவள் நிற்கிற இடத்தை யோசிக்க வேண்டாமா?

இது ஏதோ எதிர்பாராமல் வந்த வெயிலும் இல்லை. 2024 கோடையில் சேலத்தில் 40 டிகிரியைத் தாண்டிய நாட்களைப் பத்திரிகையில் தினம் பார்த்தோம். ஏப்ரல் 20ஐ ஒட்டி இந்த ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் வந்து நிற்கும். பகல் பன்னிரண்டேகால் வாக்கில் உங்கள் நிழல்கூட உங்கள் காலடிக்குள் போய்விடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்க்கிற விஷயம் இது. வருஷா வருஷம் தேதி தவறாமல் வருகிற சூரியனுக்கு ஒரு ஊர் தயாராக முடியாதா? 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அரசு அறிவித்தது. வெயிலால் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். செத்த பிறகு கொடுக்க வழி பண்ணியிருக்கிறோம், சாகாமல் நிற்க நாலடி நிழலுக்கு வழி பண்ணவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, அம்மா “நான் நல்லா இருக்கேன், போலாம்” என்று பிடிவாதம் பிடித்ததால் ஏற்காட்டுக்கு ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவு தாண்டியதும் ஜன்னலில் காற்று மாறியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பார்கள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் 1200 மீட்டர் உயர வித்தியாசம். அம்மா முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

மேலே காபித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர். காபிச் செடி நேர் வெயிலைத் தாங்காது. அதனால் தோட்டம் முழுக்க நிழல் மரம் வைத்திருக்கிறார்கள். சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி, இடையிடையே பலா. எந்த இடத்தில் எவ்வளவு நிழல் வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கிளையைக் கவாத்து பண்ணுகிறார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் கொஞ்சம் வெளிச்சம் விடுவார்கள், கோடைக்கு நிழலை விட்டுவைப்பார்கள். இருநூறு வருஷமாக இந்த மாவட்டத்துக்குத் தெரிந்த வித்தை இது! ஒரு செடி வாடாமல் இருக்க எவ்வளவு நிழல் வேண்டும் என்று தெரியும். இதே மலையின் அடிவாரத்தில், முப்பது கிலோமீட்டருக்குள், மனுஷருக்கு எவ்வளவு வேண்டும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்தத் தோட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதுவரைக்கும் வருத்தம்தான்.

இறங்கி வந்த பிறகு மறுநாள் அந்த டீக்கடைக்காரருக்கு நன்றி சொல்லப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த நிறுத்தத்தின் பெயரே ‘புளியமரம்’. இப்போதும் கண்டக்டர் “புளியமரம் எறங்கு, புளியமரம் எறங்கு” என்றுதான் கத்துகிறார். மரம் எங்கே? ரோட்டை அகலப்படுத்தும்போது போய்விட்டது. நான் பார்த்திருக்கிறேன் அந்த மரத்தை. அக்கா கல்யாணமான புதிதில் அதன் அடியில் நின்றுதான் பஸ் ஏறுவோம். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம், அதில் வெள்ளை வட்டமடித்துக் கறுப்பில் நம்பர். ரோட்டோரப் புளியமரத்துக்கெல்லாம் நம்பர் உண்டு, மகசூலை ஏலம் விடுவார்கள். நம்பர் போட்டு, கணக்கு வைத்து, புளி உலுக்கிக் காசு பார்த்த மரம். தாத்தா காலத்து ஆள் யாரோ நட்டு, நாலு தலைமுறை நின்ற நிழல். அதை வெட்ட இரண்டு நாள்கூட ஆகவில்லையாம்.

ரோடு அகலமாக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் போக வேண்டும், பஸ் போக வேண்டும். ஆனால் வெட்டிய இடத்துக்குப் பத்தடி தள்ளி வேறொன்று நட்டிருக்கலாமே? ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்கிறார்கள். நட்டது எங்கே? நடு ரோட்டில், சென்டர் மீடியனில் அரளி. அரளி நிழலில் யார் நிற்பது, லாரியா? பத்துக் கன்று எங்கேயோ ஊருக்கு வெளியே இருக்கலாம். நிழல் என்பது ஆள் நிற்கிற இடத்தில் விழ வேண்டும்.

புங்கன் ஒன்று போதும். பங்குனியில் இலை உதிர்த்து, சித்திரை வெயில் ஏறும்போது புதுத்தளிரோடு பச்சைப்பசேல் என்று நிற்கும். கோடைக்கென்றே இலை விடுகிற மரம். ஒயரைத் தொடும் என்று சாக்குச் சொல்கிற அளவுக்கு வானுயரம் போகிற மரமும் இல்லை. வேம்பு வைக்கலாம். இது எதற்கும் கோடி ரூபாய் திட்டம் வேண்டாம். இந்த மண்ணில் வழிப்போக்கனுக்குச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள், தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். பிள்ளை பெறும் முன்னே செத்துப்போன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைத்த ஜனங்கள் நாம். தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு கல், பக்கத்தில் ஒரு மரம். அவர்களிடம் என்ன பணம் இருந்தது?

டீக்கடைக்காரர் நிழற்குடைக்குப் பக்கவாட்டில் ஒரு இடம் காட்டினார். பழைய தார் டிரம்மின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு மண்ணில் பதித்து, அதற்குள் ஒரு புங்கங்கன்று. என் இடுப்பு உயரம் இருக்கும். டீ கிளாஸ் அலசுகிற தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுகிறார். ஆடு கடிக்காமல் இருக்கச் சுற்றிலும் முள் கட்டியிருக்கிறார். பூக்காரம்மாவும் சாக்கு நனைத்த மிச்சத்தை அதற்குத்தான் விடுகிறாராம்.

“மூணு வருசம் போச்சுன்னா நல்ல நெழல் குடுக்கும்ங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரெண்டு வாட்டி வந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. வளந்தா போர்டு மறைஞ்சிருமாமா” என்றார்.

போர்டு மறையுமாம்! நிழற்குடைக்கு மேலே இருக்கிற அந்தப் பெயர்ப் பலகை. எட்டுப் பேர் கம்பத்து நிழலில் ஒண்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கிற பலகை அது. அது மறையட்டும். இலைக்குள் முழுசாக மறைந்து போகட்டும்.

அடுத்த சித்திரைக்கும் வருவேன், அம்மாவோடுதான் வருவேன். அந்த டிரம்முக்குள் கன்று இருக்க வேண்டும். அதன்மேல் யாரும் கை வைக்காதீர்கள்.