ஓ-லான் வேடம் யாருக்குப் போயிருக்க வேண்டும்?

சீன விவசாயக் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் பேர்ல் பக்கின் நாவலை வைத்து, 1937இல் ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம் எடுத்த 'தி குட் எர்த்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வெள்ளைக்கார நடிகை லூயிசா ரைனரின் நடிப்பைத்தான் சொல்வார்கள். எனக்கும் மறுப்பில்லை. பெரிய வீட்டு அடிமைப்பெண்ணாக இருந்து விவசாயிக்கு வாழ்க்கைப்பட்ட ஓ-லானை அவர் அதிகம் பேசாமலே கண்முன் நிறுத்தினார். ஆஸ்கர் கொடுத்ததும் சரிதான். வெட்டுக்கிளிக் கூட்டம் வானத்தை மறைத்துக்கொண்டு வயலில் இறங்கும் காட்சி இன்றைக்கும் மிரட்டுகிறது.

ஆனால் அந்த வேடத்துக்கு அன்னா மே வோங் இருந்தார். லாஸ் ஏஞ்சலஸில் சலவைக்கடை நடத்திய சீனக் குடும்பத்துப் பெண். மௌனப்படக் காலத்திலேயே பேர் வாங்கியவர். ஓ-லானாக நடிக்க மிகவும் ஆசைப்பட்டார். கதாநாயகன் வாங் லுங்காக வெள்ளைக்காரரான பால் முனியைப் போட்டாயிற்று. வெவ்வேறு இனத்தவரின் காதலைத் திரையில் காட்டக் கூடாது என்ற அன்றைய தணிக்கை வழக்கமும் குறுக்கே நின்றது. கடைசியில் அவரை லோட்டஸ் வேடத்துக்குத்தான் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வாங் லுங் கையில் காசு சேர்ந்ததும் வீட்டுக்குக் கூட்டிவரும் ஆசைநாயகி அவள். மனைவியாக வரச் சீனப் பெண் ஆகாது, ஆசைநாயகியாக வர ஆகும் என்பது எந்த ஊர் நியாயம்?

பேர்ல் பக்கின் நாவலைப் படித்தவர்களுக்கு அந்த முத்துகள் மறக்காது. ஓ-லான் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டது இரண்டே இரண்டு சின்ன முத்துகள். லோட்டஸுக்குக் கொடுக்க வாங் லுங் அதையும் கேட்கிறான். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். வழியும் கண்ணீரைத் துடைக்காமல், கல்லில் விரித்த துணியை அடித்துக்கொண்டே இருக்கிறாள். இப்படிப்பட்ட ஒருத்தியாக நடிக்கத் துடித்தவரிடம் போய், அந்த முத்துகளை வாங்கிக்கொள்பவளாக நடி என்றால் மனசு என்ன பாடுபடும்! வோங் அந்த வேடம் வேண்டாம் என்றார். 1936இல் சீனாவுக்குக் கப்பலேறினார். லோட்டஸாக நடித்தது வியன்னாவின் நடனக்காரி டில்லி லாஷ்.

படத்தில் சீன முகங்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. மூத்த மகனாக வரும் கீ லூக் சீனர்தான். அப்பா அம்மா வெள்ளைக்காரர்கள், மகன் மட்டும் சீனன். இது யார் கண்ணையும் உறுத்தவில்லையா?

'அந்தக் காலம் அப்படி' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சீனர்கள் குடியேறத் தடைவிதித்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவில் அப்போதும் அமலில்தான் இருந்தது, உண்மை. ஆனால் அதே 1937இல் பாரமவுண்ட் 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' எடுத்தது. நாயகி அன்னா மே வோங், அவருக்கு ஜோடி கொரிய வம்சாவளி நடிகர் பிலிப் ஆன். கதாநாயகனும் ஆசியராக இருந்தால் தணிக்கைச் சிக்கலே எழாது. பாரமவுண்ட் ஒரு சின்னப் படத்துக்குச் செய்ததை, எம்ஜிஎம் தன் பிரம்மாண்டப் படத்துக்குச் செய்திருக்கலாம். செய்ய மனசில்லை.