பவேரியாவில் ஓட்டலாம், டிரோலில் ஓட்டக்கூடாது

கிராவல் பைக், அதாவது ஜல்லிச் சாலையில் ஓட்டும் சைக்கிள், என்று எழுதினாலே முதலில் வரும் கேள்வி என்ன பைக், எவ்வளவு விலை என்பதுதான். அதை இங்கேயே முடித்துவிடுகிறேன். ரேஸ் சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார், 40 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர், மேடேற இலகுவான கியர், டிஸ்க் பிரேக். காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், என் எடைக்கு 2 பார் அழுத்தம் போதும். கார்பன் ஃபிரேம், எலக்ட்ரானிக் கியர் எல்லாம் உங்கள் பணம், உங்கள் இஷ்டம். வீட்டில் பழைய மவுண்டன் பைக் கிடந்தால் அதுவும் இதே வழியில் போகும். நான் பேச வந்தது சாலையைப் பற்றி.

நான் இருப்பது மியூனிக்கில், தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத் தலைநகரில். தெற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ரயிலில் உட்கார்ந்தால் லெங்க்ரீஸ். ஆல்ப்ஸ் அங்கிருந்துதான் உயரத் தொடங்குகிறது. (அந்த ரயில் வழியில் ஹோல்ஸ்கிர்ஷனிலும் ஷாஃப்ட்லாஹிலும் துண்டு துண்டாகப் பிரியும். பெட்டியின் பலகையைப் பார்த்து ஏறுங்கள், இல்லையென்றால் டேகர்ன்ஸே ஏரியில் போய் இறங்குவீர்கள். அதுவும் மோசமில்லை.) லெங்க்ரீஸுக்கு வடக்கே பாட் டோல்ஸைச் சுற்றி இருப்பதெல்லாம் பனியுகத்துப் பனியாறு விட்டுப்போன மண்மேடுகள். நடுநடுவே சின்ன ஏரிகள், கரி மண் சதுப்புகள். மேடு என்றாலும் மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். லெங்க்ரீஸிலிருந்து தென்மேற்கே திரும்பினால் யாக்கெனாவ் பள்ளத்தாக்கு, வடக்குப் பக்கம் 1801 மீட்டர் உயர பெனடிக்டன்வாண்ட் மலை, முடிவில் வால்கன்ஸே ஏரி. யாக்கெனாவ் ஊராட்சியில் ஆயிரம் பேர்கூட இல்லை. காரில் வருகிறவர்கள் தார்ச்சாலையிலேயே ஏரிக்குப் போய்விடுவார்கள். காட்டுக்குள் ஏறும் ஜல்லிச் சாலையில் ஒரு முற்பகல் முழுக்க ஆள் முகம் பார்க்காமல் ஓட்டலாம்.

இந்த அமைதியைப் பற்றி நம் ஆட்கள் பதிவு போடும்போது 'இயற்கையின் மடியில்' என்று தவறாமல் ஒரு வரி இருக்கும். எனக்கு அதில்தான் கொஞ்சம் உறுத்தல். மடி எல்லாம் சரி, அந்த ஜல்லியைக் கொட்டியது யார்?

இவை மரம் இறக்கப் போட்ட சாலைகள். ஒரு காலத்தில் இந்தக் காட்டு மரத்தைக் கட்டுமரமாகக் கட்டி இசார் ஆற்றிலேயே மியூனிக் வரை மிதக்கவிட்டார்கள். இன்று மரம் லாரியில் போகிறது. முழுச் சுமையோடு ஒரு லாரி செங்குத்துச் சரிவில் இறங்க வேண்டுமென்றால் சாலை அதற்கேற்ப இருக்க வேண்டும். உடைத்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி, இடைவெளியில் பொடியை நிரப்பி, நனைத்து உருளை ஓட்டி இறுக்குவார்கள். தார் கிடையாது, சிமெண்ட் கிடையாது, பொடியும் ஈரமும்தான் பிடிமானம். நடுவில் ஆமை முதுகு போல லேசாக உயர்த்தியிருப்பார்கள், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓரத்து வாய்க்காலில் விழ வேண்டும் என்பதற்காக. செங்குத்தான இடங்களில் சாலையின் குறுக்கே சாய்வாக மரத்தாலோ இரும்பாலோ தண்ணீரை ஓரத்துக்குத் திருப்பிவிடும் ஒரு சின்ன காடி (குறுகிய பள்ளம்) பதித்திருப்பார்கள். சக்கரத்தை நேராக வைத்து அதைத் தாண்டுங்கள். சாய்வாகப் போனால், அதுவும் நனைந்திருந்தால், முன்சக்கரம் அதிலேயே வழுக்கிப் போய்விடும்.

போன கோடையில் யாக்கெனாவுக்கு மேலே ஒரு பெரியவர் அப்படியொரு காடியை மண்வெட்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். இலை, சேறு, ஜல்லி எல்லாம் சேர்ந்து அடைத்திருந்தது. மேலே அவருடைய மாடுகள் மேய்கின்றன. இந்தத் துண்டுச் சாலையைப் பார்த்துக்கொள்வதும் அவர்தானாம். தண்ணீர் குடிக்க நின்றேன். எதுவும் பேசாமல் மண்வெட்டிக் காம்பால் தரையைக் காட்டினார். யாரோ இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு போன தடம், நான்கைந்து மீட்டர் நீளம், ஒரு விரல் ஆழம். "மழை வந்தால் தண்ணீர் இதைப் பிடித்துக்கொள்ளும், ஓரத்துக்குப் போகாது. இரண்டு மழையில் இது ஓடையாகிவிடும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் நான் எந்த ஊர் என்று கேட்டார், மியூனிக் என்றேன், அதற்கு முன்னால் என்றார். அது வேறு கதை.

சரி, அடுத்தவர் உழைத்துப் பராமரிக்கும் சாலையில் நான் எந்த உரிமையில் சைக்கிள் ஓட்டுகிறேன்? பவேரியாவில் இதற்கு விடை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1946-இல் வந்த பவேரிய அரசியலமைப்பின் 141-ஆவது பிரிவு, இயற்கை அழகை அனுபவிக்கவும், காட்டிலும் மலை மேய்ச்சல் நிலத்திலும் நடமாடவும், ஊர் வழக்கப்படியான அளவில் காட்டுப் பழங்களைப் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. போர் முடிந்து நகரங்கள் இடிபாடாகக் கிடந்த நேரத்தில், புதிதாக ஒரு சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் காட்டில் பழம் பறிக்கும் உரிமையை மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். இதைப் படித்த நாளில் எனக்கு இந்த மாநிலத்தின் மேல் ஒரு தனி மரியாதை வந்தது. சைக்கிளுக்கான விவரம் கீழ்நிலைச் சட்டங்களில் இருக்கிறது: காட்டுக்குள் சாலையிலும் தகுந்த பாதையிலும் மட்டும் ஓட்டலாம், நடப்பவருக்கே முன்னுரிமை, ஆபத்து உன் பொறுப்பு. கிளை முறிந்து தலையில் விழுந்தால் காட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம்.

இப்போது லெங்க்ரீஸிலிருந்து தெற்கே போய், ஸில்வென்ஸ்டைன் நீர்த்தேக்கத்தைத் தாண்டி எல்லையைக் கடந்து ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்துக்குள் போங்கள். அதே மலை, அதே ஸ்ப்ரூஸ் மரம், அதே சுண்ணாம்புக்கல் ஜல்லி. ஆனால் ஆஸ்திரியாவின் 1975-ஆம் ஆண்டு வனச் சட்டம், ஓய்வுக்காகக் காட்டுக்குள் நடந்துபோக மட்டும்தான் எல்லோரையும் அனுமதிக்கிறது. வண்டி ஓட்ட வேண்டுமென்றால் உரிமையாளரோ சாலையைப் பராமரிப்பவரோ சம்மதிக்க வேண்டும். சைக்கிளும் வண்டிதான். லாரி போகும் அகலச் சாலையில் பலகை வைத்திருப்பார்கள், சைக்கிளுக்குத் தடை என்று. டிரோல் மாநிலம் 1997-இலிருந்து நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டு, பணம் கொடுத்து, காப்பீடும் எடுத்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைத் திறந்துவிட்டிருக்கிறது. அது நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அனுமதிப் பலகை இருக்கும் வழியில் மட்டும்தான் போகலாம், பக்கத்துச் சாலையில் திரும்பினால் குற்றம். ஒரு சரிவில் விதிவிலக்கோடு உரிமை, அடுத்த சரிவில் விதிவிலக்காக அனுமதி. ஆஸ்திரியச் சட்டம் தவறு என்பதே என் கருத்து. லாரி போகும் சாலையை ஒழுங்காக ஓட்டும் ஒரு சைக்கிள் கெடுத்துவிடும் என்று யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

ஆனால் விபத்து நடந்தால் தங்கள் தலையில் விழும் என்ற அந்த ஊர் விவசாயிகளின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2014-இல் டிரோலின் பின்னிஸ் பள்ளத்தாக்கில் நாயோடு நடந்துபோன ஒரு ஜெர்மன் பெண்ணை மாடுகள் தாக்கிக் கொன்றன. 2019-இல் இன்ஸ்ப்ரூக் நீதிமன்றம் மாட்டுக்காரர் பெருந்தொகை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது, நாடே பேசியது. மேல்முறையீட்டில் பாதிப் பொறுப்பு இறந்தவருடையது என்றானது, உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பாதி என்றாலும் ஒரு மலைப்பண்ணைக்கு அது தாங்காத சுமை. அந்தச் செய்தியைக் காலை உணவோடு படித்த ஒருவரிடம் போய் 'கேட்டைத் திறந்துவிடுங்கள், நாங்கள் ஜாலியாக ஓட்டிக்கொள்கிறோம்' என்றால் என்ன சொல்வார்? ஆபத்து ஓட்டுபவர் தலையில் என்று பவேரியாவில் எழுதியிருப்பதைப் போல அங்கும் சட்டத்தில் தெளிவாக எழுதினாலே பாதித் தகராறு தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது. 2022-இலிருந்து கிராவலுக்கு உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது, முதல் இரண்டு ஆண்டும் இத்தாலியின் வெனெட்டோவில், இதே மாதிரி அடிவாரக் குன்றுகளுக்குப் பக்கத்தில். அங்கே சாலையை மூடிவிட்டு ஓடுகிறார்கள். தொல்லை எங்கே என்றால், அந்த வேகத்தை ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு நடக்கிறவர்கள் நடுவில் கொண்டுவருவதில். செயலியில் யாரோ போட்ட நேரத்தை நான்கு நொடி முந்துவதற்காகத் திருப்பத்தில் பிரேக்கைப் பூட்டும் ஆட்கள்தான் அந்தப் பெரியவரின் மண்வெட்டிக்கு வேலை கொடுக்கிறார்கள். மின்சைக்கிளைத் திட்டுவது இங்கே ஒரு ஃபேஷன், நான் அதில் சேரவில்லை. முட்டி வலியோடு எழுபது வயதுக்காரர் மேலே வந்து மோர் குடிக்கிறார் என்றால் நல்லதுதானே. அதைவிட எனக்கு எரிச்சல் தருவது இரவு ஓட்டம். தலையில் கார் விளக்கு போல எல்இடி கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். மான் மேய வருவது அந்தியிலும் விடியலிலும், குரூஸ் எனும் மலைக் காட்டுக்கோழி இனங்கள் துணை தேடுவதும் விடியலில். நாள் முழுக்க நமக்குத்தான் விட்டுக்கொடுத்திருக்கின்றன, அந்த நேரத்தையாவது விட்டுவைக்கலாம்.

ட்ராக் (ஓட்டிய வழியின் ஜிபிஎஸ் கோடு) அனுப்புங்கள் என்று எப்படியும் கேட்பீர்கள், அனுப்ப மாட்டேன். ஒரே கோட்டில் எல்லோரும் போனால் அந்தச் சாலை செத்துவிடும். 1:50,000 அளவு வரைபடம் ஒன்று வாங்குங்கள், லெங்க்ரீஸில் இறங்குங்கள், பிடித்த பள்ளத்தாக்கில் திரும்புங்கள். சைக்கிளுக்கு ரயிலில் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். மேய்ச்சல் கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், கன்றோடு நிற்கும் பசுவுக்குப் பெரிய வட்டம் விடுங்கள். மரம் வெட்டும் வேலைக்காக மூடியிருக்கும் சாலையில் சத்தமே கேட்கவில்லை என்றாலும் நுழையாதீர்கள். புதிதாக ஜல்லி கொட்டிய இடத்தில் ஹேண்டிலைத் திருப்பாமல் நேராக உருண்டு போங்கள். வார நாளில் போகிறவர்கள் திருப்பங்களில் வலது ஓரத்தை விடாதீர்கள், அன்றைக்குத்தான் லாரி இறங்கும்.