கேஸ் மாத்திரையிலேயே போன எட்டு மாதம்

இரைப்பை, குடல் புற்றுநோய்களுக்குப் புது மருந்துகள் போதவில்லை என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, ஆனால் மருந்து வரைக்கும் போய்ச் சேருகிறவர்கள் எத்தனை பேர்? என் பெரியப்பாவுக்கு நெஞ்செரிச்சல், இரண்டு இட்லிக்கே வயிறு நிறைந்துவிட்டது என்பார், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தார், அப்போதும் எட்டு மாதம் கேஸ் மாத்திரைதான். வாய் வழியே குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்தபோது கட்டி கல்லீரல் வரை பரவியிருந்தது.

2022-இல் மட்டும் உலகில் சுமார் 9.7 லட்சம் பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்றுநோய், 6.6 லட்சம் பேர் இறந்தார்கள். தென்கொரியாவில் 40 வயது தாண்டினால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி, அரசுத் திட்டத்திலேயே. அங்கே பாதிக்கு மேல் ஆரம்பத்திலேயே பிடிபடுகிறது. நம் ஊரில் இந்த நோய் அந்த அளவுக்கு இல்லை, எல்லோருக்கும் குழாய் விட வேண்டாம்தான். ஆனால் எடை குறைந்து, சாப்பாடு இறங்காமல் வருகிறவரையாவது உடனே அனுப்பலாமே?

அப்புறம் இரைப்பையில் தங்கும் ஹெச்.பைலோரி என்ற கிருமி. புற்றுநோய்க் காரணி என்று 1994-லேயே அறிவித்துவிட்டார்கள், இரண்டு வார ஆன்டிபயாடிக் கோர்ஸில் பெரும்பாலும் ஒழிந்துவிடும். பெரியப்பாவுக்கு அதற்கான டெஸ்ட்டை யாரும் எழுதிக் கொடுக்கவே இல்லை.